வேகமாக ஓட்டினால் சீக்கிரம் போய்ச் சேர முடியுமா? அன்றாடப் பயண நேரத்தின் கணக்கு

2023ஆம் ஆண்டின் நடுவில், பகல் வேளையில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் வாகனங்களுக்கு அபராதம் விதிக்கப்படும் என்ற செய்தி சென்னையில் பரவியபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. பிறகு அதே ஆண்டு நவம்பரில், நகரின் போக்குவரத்துக் காவல்துறை வரம்புகளைத் திருத்தி அறிவித்தது. இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என்பதே அந்தத் திருத்தம். எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானது நேரம். ஏற்கெனவே முக்கால் மணி நேரம் பிடிக்கும் அலுவலகப் பயணம், வேகத்துக்குக் கடிவாளம் போட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும் என்பது அவர்களுடைய அச்சம்.

அந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வண்டியின் வேகமானி காட்டும் எண்ணும் வீட்டிலிருந்து அலுவலகம் போய்ச் சேரும் நேரமும் நேரடியாகக் கட்டுண்டவை என்பதே அது. நெடுஞ்சாலையில் இந்த நம்பிக்கை பெருமளவு சரி. காலை ஒன்பது மணிக்கு நகரச் சாலையில் இது ஏன் பொய்த்துப்போகிறது என்பதை, பள்ளிக் கணக்கிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பார்க்கலாம்.

வேகமும் நேரமும்: எதிர் விகிதம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். தூரம் மாறாதபோது வேகமும் நேரமும் எதிர் விகிதத்தில் இருக்கும் என்று ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அந்த விகிதம் சீரான படிக்கட்டாக இறங்குவதில்லை என்பதை அங்கே யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 10 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொண்டு, வேகத்தை ஒவ்வொரு முறையும் 10 கிலோமீட்டர் கூட்டிப் பார்ப்போம்.

1. மணிக்கு 20 கிலோமீட்டரில் 30 நிமிடம் ஆகும். 30 ஆக்கினால் 20 நிமிடம். மிச்சம் 10 நிமிடம்.
2. 30இலிருந்து 40 ஆக்கினால் 15 நிமிடம். மிச்சம் 5 நிமிடம்.
3. 40இலிருந்து 50 ஆக்கினால் 12 நிமிடம். மிச்சம் 3 நிமிடம்.
4. 50இலிருந்து 60 ஆக்கினால் 10 நிமிடம். மிச்சம் 2 நிமிடம்.
5. 60இலிருந்து 70 ஆக்கினால் 8 நிமிடம் 34 விநாடி. மிச்சம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு.
6. 70இலிருந்து 80 ஆக்கினால் ஏழரை நிமிடம். மிச்சம் 64 விநாடி.

ஒவ்வொரு படியிலும் கூட்டிய வேகம் அதே 10 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் படியில் கிடைத்த 10 நிமிடம் கடைசிப் படியில் ஒரு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. மெதுவாக ஊர்ந்துகொண்டிருப்பவருக்குச் சிறிது வேகம் கூடினாலும் பெரிய ஆதாயம் உண்டு. ஏற்கெனவே விரைவாகப் போய்க்கொண்டிருப்பவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கிடைப்பது சொற்பம்.

மனிதர்களின் உள்ளுணர்வு இதற்கு நேர்மாறாக இயங்குகிறது என்பது ஆராய்ச்சியில் உறுதியான செய்தி. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1970இலேயே இதைப் பற்றி எழுதினார். குறைந்த வேகத்தைச் சற்றுக் கூட்டுவதால் மிஞ்சும் நேரத்தை மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதிக வேகத்தை மேலும் கூட்டுவதால் மிஞ்சும் நேரத்தை மிகைப்படுத்தி மதிப்பிடுகிறார்கள். இஸ்ரேல் ஆய்வாளர்களான ஏயல் பீரும் ஏயல் கம்லியலும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பிழையைத் திருத்த ஓர் எளிய வழியைச் சோதித்தது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட தூரத்துக்கு எத்தனை நிமிடம் என்று வேகமானி காட்டினால், ஓட்டுநர்களின் மதிப்பீடு கணிசமாகச் சரியாகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் வண்டியின் முள் 60இலிருந்து 70க்குத் தாவும்போது, பக்கத்திலேயே "10 கிலோமீட்டருக்கு 10 நிமிடம்" என்பது "8 நிமிடம் 34 விநாடி" என்று மாறுவதையும் பார்க்க முடிந்தால், அந்தத் தாவலின் மதிப்பு வேறாகத் தெரியும்.

சராசரி வேகம் என்னும் பொறி

ஒரு கணக்கு. 20 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் கடக்க ஒருவர் திட்டமிடுகிறார். முதல் 10 கிலோமீட்டரில் நெரிசல். அங்கே 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போக முடிந்தது. திட்டமிட்ட சராசரியை எட்ட வேண்டுமானால், மீதி 10 கிலோமீட்டரை அவர் எந்த வேகத்தில் கடக்க வேண்டும்?

60 என்று பலரும் சொல்வார்கள். 20ஐயும் 60ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 40 வருகிறதே என்பது அவர்கள் எண்ணம். சரியான விடை, எந்த வேகத்தாலும் முடியாது என்பதே. 20 கிலோமீட்டரை 40 வேகத்தில் கடக்க ஆகும் மொத்த நேரம் 30 நிமிடம். முதல் பாதியே அந்த 30 நிமிடத்தையும் தின்றுவிட்டது. ராக்கெட்டில் ஏறினாலும் மீதிப் பாதியை நேரமே எடுக்காமல் கடக்க இயலாது.

சம தூரங்களின் சராசரி வேகத்தைக் கணக்கிட, கூட்டி வகுக்கும் வழக்கமான சராசரி பயன்படாது. இசைச் சராசரி எனப்படும் வேறொரு முறை தேவை. அந்த முறையில் சிறிய எண்ணுக்கே செல்வாக்கு அதிகம். பயணத்தின் மிக மெதுவான பகுதிதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பதன் கணித வடிவம் இது. நெரிசலில் தொலைத்ததை, சாலை காலியாகக் கிடக்கும் இடத்தில் விரட்டிப் பிடித்துவிடலாம் என்று ஓட்டும் ஒவ்வொருவரும் இந்தப் பொறிக்குள்தான் விழுகிறார்கள்.

ஒரு பயணத்தைப் பிரித்துப் பார்த்தால்

தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் வழியாகக் கத்திப்பாரா வரும் இந்தத் தடத்தில், காலை நேரப் பயணத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தங்கள் பாதைக்கு ஏற்ப இவற்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் விடையின் போக்கு பெரிதாக மாறாது.

1. முற்றிலும் நின்றிருக்கும் நேரம்: சிக்னல்கள், பேருந்து நிறுத்தங்களின் பின்னால் சேரும் தேக்கம், சாலையைக் கடப்பவர்களுக்காக நிற்பது எல்லாம் சேர்த்து 12 நிமிடம்.
2. ஊர்ந்து செல்லும் தூரம்: 5 கிலோமீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில். இதற்கு 20 நிமிடம்.
3. தடையின்றி ஓடும் தூரம்: 10 கிலோமீட்டர், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில். இதற்கு 12 நிமிடம்.

மொத்தம் 44 நிமிடம். இவற்றில் ஓட்டுநரின் கால் தீர்மானிக்கக்கூடியது மூன்றாவது பகுதி மட்டுமே. அதில் 50ஐ 60 ஆக்கினால் மொத்தம் 42 நிமிடம். 70 ஆக்கினால் 40 நிமிடம் 34 விநாடி. அதாவது, தடையில்லாத ஒவ்வொரு இடத்திலும் வேக வரம்பை மீறி 70இல் ஓட்டியும் மிஞ்சியது மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மாறாக, ஓட்டுநர் எதுவும் செய்யாமல், ஊர்ந்து செல்லும் பகுதியின் வேகம் 15இலிருந்து 20 ஆனால் போதும்; 5 நிமிடம் மிஞ்சிவிடும்.

அந்த மூன்றரை நிமிடமும் தாளில் மட்டும்தான் முழுதாக இருக்கிறது. நகரச் சாலையில் 10 கிலோமீட்டர் ஒரே ஓட்டமாகக் கிடைப்பதில்லை; 600 மீட்டர், 800 மீட்டர் என்று துண்டு துண்டாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் நின்ற நிலையிலிருந்து வேகமெடுத்து, முடிவில் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். வேகம் கூடக் கூட, அதை எட்டுவதற்கும் அதிலிருந்து இறங்குவதற்கும் கூடுதல் தூரம் செலவாகிறது. சாதாரணக் காரின் முடுக்கத்தை வைத்துக் கணக்கிட்டால், 600 மீட்டர் துண்டு ஒன்றை 50 கிலோமீட்டர் உச்ச வேகத்தில் கடக்க 52 விநாடியும், 70 கிலோமீட்டர் உச்ச வேகத்தில் கடக்க 43 அல்லது 44 விநாடியும் ஆகும். வேறுபாடு 9 விநாடிக்கும் சற்றுக் குறைவு. பத்துக் கிலோமீட்டருக்கும் சேர்த்து மிச்சம் 2 நிமிடம் 25 விநாடியாகக் குறைந்துவிடுகிறது. முன்னால் போகும் மாநகரப் பேருந்தும் குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

சிக்னலில் நடப்பது

பறந்து முந்திச் சென்ற காரை அடுத்த சிக்னலில் பக்கத்திலேயே பார்க்கும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அதைக் கொண்டு, சிக்னல் இருக்கும் வரை வேகத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று என்பதால் இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிக்னல் ஒருமுறை பச்சையாகி, சிவப்பாகி, மீண்டும் பச்சையாகும் வரையிலான காலத்தைச் சுழற்சி நேரம் என்பார்கள். சுழற்சி 120 விநாடி, அதில் நம் பக்கம் சிவப்பு 80 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வேகமாக வந்ததால் ஒருவர் 9 விநாடி முன்னதாகச் சிக்னலை அடைகிறார். அவர் வந்து சேரும் தருணத்துக்கும் சிக்னலின் சுழற்சிக்கும் தொடர்பே இல்லையென்றால், நூறு நாட்களில் நடக்கக்கூடியது இது:

1. ஏறத்தாழ 59 நாட்கள், 9 விநாடி முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் சிவப்புதான். இரண்டு நிலையிலும் புறப்படும் நேரம் ஒன்றே. மிச்சம் ஒன்றுமில்லை.
2. ஏறத்தாழ 26 நாட்கள், இரண்டு நிலையிலும் பச்சை. அந்த 9 விநாடி அப்படியே கையில் இருக்கும்.
3. ஏழெட்டு நாட்கள், முன்னால் வந்ததால் சற்றுக் காத்திருக்க நேர்ந்து, ஒருசில விநாடிகள் மட்டுமே மிஞ்சும்.
4. மீதி ஏழெட்டு நாட்கள், அணையப்போகும் பச்சையை நூலிழையில் பிடித்துவிடுவார். அன்று மட்டும் ஏறத்தாழ 85 விநாடி ஆதாயம்.

நூறு நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆதாயம் அதே 9 விநாடிதான். சிக்னல் அதை அழித்துவிடவில்லை. குலுக்கல் சீட்டாக மாற்றிவிட்டது. நம் நினைவில் தங்குவது சிக்னலைத் தாண்டிப் பறந்த அந்த ஏழெட்டு நாட்கள்தான். ஒன்றும் கிடைக்காத 59 நாட்கள் மறந்துபோகின்றன. "வேகமாகப் போனால்தான் சிக்னலைப் பிடிக்க முடியும்" என்ற பாடத்தை ஓட்டுநர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆதாயம் கிடைக்கும் இடம் பச்சை மஞ்சளாகும் தறுவாய். குறுக்குச் சாலையில் காத்திருப்பவர்கள் வண்டியை உறுமவிட்டு முன்னால் நகரத் தொடங்கும் அதே நேரம் அது. சந்திப்பில் ஒருவர் மிக அதிக வேகத்தில் நுழைவதற்கு அதைவிட மோசமான தருணம் வேறில்லை.

மேலே சொன்ன குலுக்கல்கூட, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிக்னல்களுக்கே பொருந்தும். ஒரே சாலையில் அடுத்தடுத்து வரும் சிக்னல்களுக்கு இடையே பெரும்பாலும் நிலையான நேர இடைவெளி இருக்கும். முதல் சிக்னலில் ஒன்றாகப் புறப்பட்ட வாகனங்கள் கூட்டமாக அடுத்த சிக்னலை அடைகின்றன. அந்த இடைவெளி 50 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தால், 50இல் வருபவருக்குப் பச்சைகள் வரிசையாகத் திறக்கும். 70இல் வருபவர் ஒவ்வொன்றிலும் நின்று காத்திருந்து, பின்னால் சீராக வந்தவர்களோடுதான் மீண்டும் புறப்படுவார். பச்சை அலை என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில் அதிவேகத்துக்குப் பலன் சுழியம். நிற்காமல் வருபவரைவிட, நின்று மீண்டும் வேகமெடுப்பவருக்கு எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

நெரிசலில் யாருடைய வேகம் கணக்கில் வருகிறது?

அகன்ற சாலை திடீரென்று குறுகும் இடத்தை, அல்லது பல சாலைகள் ஒன்றாகச் சேரும் இடத்தை, இடுக்கு என்று அழைப்போம். புனலின் மேல்வாயில் அரிசியை எவ்வளவு விசையோடு கொட்டினாலும் கீழ்வாயில் விழும் அளவு மாறுவதில்லை. சாலையின் இடுக்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு 50 வாகனங்களை வெளியே விடக்கூடிய ஓர் இடுக்கின் பின்னால் 300 வாகனங்கள் நின்றால், கடைசியாக வந்து சேர்பவர் 6 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் அந்த வரிசையை நோக்கி 40இல் வந்தாரா, 80இல் வந்தாரா என்பது இடுக்குக்குத் தெரியாது.

வரும் வழியில் நான்கு வாகனங்களை முந்தியவர் வரிசையில் நான்கு இடம் முன்னால் நிற்கிறார். ஒழுங்காகத் தடம் பிரித்து ஓட்டும் சாலைகளில், சிக்னல் திறந்ததும் ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு கார் வெளியேறும். ஆகவே நான்கு கார்களை முந்தியதன் பயன் 8 விநாடி. அந்த 8 விநாடியும் புதிதாக உண்டானதன்று. முந்தப்பட்ட நால்வரிடமிருந்து ஆளுக்கு 2 விநாடியாக எடுத்துக்கொண்டது. சாலையின் மொத்தக் கணக்கில் ஒரு விநாடியும் மிஞ்சவில்லை.

மொத்தக் கணக்கு நட்டத்தில் முடிவதும் உண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட சோதனை இதைக் கண்முன் காட்டியது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை நிறுத்தி, எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுமாறு சொன்னார்கள். பாதையில் சிக்னல் இல்லை, இடுக்கு இல்லை, பள்ளம் இல்லை. சிறிது நேரம் சீராகத்தான் ஓடின. பிறகு யாரோ ஒருவர் சற்று நெருங்கிப் பிரேக்கைத் தொட, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அழுத்த, கடைசியில் சில கார்கள் முற்றிலும் நின்றுவிட்டன. அந்த நின்ற கூட்டம் வட்டத்தில் பின்னோக்கி அலையாக நகர்ந்துகொண்டே இருந்தது.

காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் மீண்டும் நகரும் நெரிசல்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. இடைவெளி கிடைத்தவுடன் சீறிப் பாய்ந்து, உடனே அழுத்திப் பிரேக் பிடிக்கும் ஓட்டுமுறை இந்த அலைகளைப் பெரிதாக்குகிறது. அதனால்தான் பிரிட்டனில் லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்-25 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில், 1995 முதல், நெரிசல் கூடும் வேளைகளில் வேக வரம்பைக் குறைத்துக் காட்டும் மின்பலகைகளை வைத்தார்கள். எல்லோரும் சற்று மெதுவாக, ஒரே சீராகச் சென்றால் நிற்பதும் நகர்வதுமான அலை குறைந்து போக்கு சீராகும் என்பதே அதன் அடிப்படை.

நம் ஊர்ச் சாலைகளுக்கு ஒரு திருத்தம் தேவை. இங்கே தடம் பிரித்து யாரும் ஓட்டுவதில்லை. பாதிக்கும் மேற்பட்டவை இருசக்கர வாகனங்கள். காரில் புறப்பட்டவரைவிட பைக்கில் புறப்பட்டவர் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்தது வேகம் என்று எண்ணுவது தவறு. நின்றிருக்கும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் இடையே உள்ள சந்துகளில் புகுந்து வரிசையின் முன்பக்கத்துக்கு வந்துவிட முடிவதே அதற்குக் காரணம். அவர் மிச்சம் பிடிப்பது மேலே சொன்ன முதல் இரண்டு பகுதிகளில். நிற்கும் நேரத்திலும் ஊரும் நேரத்திலும். திறந்த சாலையில் அவர் 50இல் போனாலும் 70இல் போனாலும் அந்தப் பத்து நிமிடம் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இரண்டரை நிமிடத்தின் விலை

ஒரு பயணத்துக்கு 2 நிமிடம் 25 விநாடி என்றால், போக வர இரண்டு முறை, ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்று கூட்டினால் 20 மணி நேரம் வருகிறது. அது சிறிய அளவன்று என்று ஒருவர் வாதிடலாம். அந்த 20 மணி நேரத்துக்குக் கொடுக்கும் விலையையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் வாதம் முழுமையாகும்.

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். உலர்ந்த, நல்ல சாலை. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்த பிறகு மேலும் 14 மீட்டர் ஓடி, 28 மீட்டரில் நின்றுவிடும். 70இல் வரும் கார் நிற்க 46 மீட்டர் வேண்டும். இந்த 18 மீட்டர் வேறுபாட்டைவிட முக்கியமானது இன்னொன்று. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த 28ஆவது மீட்டரில், இரண்டாவது கார் இன்னும் 58 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒரு குழந்தை 29ஆவது மீட்டரில் சாலையைக் கடந்தால், 50இல் வந்தவருக்குத் திடுக்கிடல் மட்டும் மிஞ்சும். 70இல் வந்தவருடைய கார் ஏறக்குறைய 57 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதே இதற்குக் காரணம். 50இலிருந்து 70 என்பது வேகத்தில் 40 விழுக்காடு உயர்வு. மோதலின் ஆற்றலில் ஏறத்தாழ இரு மடங்கு. சாலையின் சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகளின் வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சுவீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் உருவாக்கிய நான்காம் அடுக்கு விதியோடு இணைந்து செல்லும் மதிப்பீடு இது. உயிரிழப்பு விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளரும் என்கிற அந்த விதிப்படி, ஒரு சாலையில் எல்லோருடைய வேகமும் 50இலிருந்து 60 ஆனால், 10 கிலோமீட்டருக்கு 2 நிமிடம் மிஞ்சும். உயிரிழப்பு விபத்துகள் இரட்டிப்பாகும்.

இந்தியாவில் 2022இல் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அந்த மரணங்களில் 71.2 விழுக்காடு அதிவேகம் என்ற தலைப்பின்கீழ் பதிவாகியுள்ளது. வழக்குப் பதியும்போது வேறு காரணங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதிவேகம் என்றே எழுதிவிடும் வழக்கமும் இருப்பதால், இந்த விழுக்காட்டை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மொத்த எண்ணிக்கையில் எந்த ஐயமும் இல்லை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் 64,105 விபத்துகள் நடந்த தமிழ்நாட்டுக்கு.

வேகம் பயன்படும் இடங்கள்

தூரம் நீண்டு, தடை குறைந்தால் கணக்கு மாறுகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். நிற்காமல் 80 கிலோமீட்டர் சராசரியில் சென்றால் 5 மணி 45 நிமிடம்; 100இல் சென்றால் 4 மணி 36 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். விரைவுச் சாலைகளைக் கட்டுவதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. இங்கும் உணவுக்காக ஒருமுறை நிறுத்தி 40 நிமிடம் செலவிட்டால் அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது வேறு.

எதிர்முனையில் இருப்பவை குடியிருப்புத் தெருக்கள். பெரும்பாலோருக்கு வீட்டிலிருந்து பிரதான சாலைக்கு வர அரை கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு கிலோமீட்டர். 600 மீட்டர் என்று கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 54 விநாடி, 30இல் 72 விநாடி. 30 கிலோமீட்டர் வரம்பை முழுமையாக மதித்து நடப்பவர் இழப்பது 18 விநாடி. என் பார்வையில் 2023 நவம்பர் அறிவிப்பிலேயே மிகவும் நியாயமான எண் இந்த 30தான்.

அப்படியானால் நேரம் எங்கே மிஞ்சும்?

மீண்டும் இடுக்குக்கே வருவோம். ஒரு மேம்பாலத்தின் நுழைவாய் மணிக்கு 3,000 வாகனங்களை விடும் என்று கொள்வோம். காலை 8 முதல் 9 வரை அங்கே 3,600 வாகனங்கள் வந்து சேர்கின்றன. அதற்கு முன் தேக்கம் இல்லை. 9 மணிக்கு வருபவர் முன்னால் 600 வாகனங்கள் நிற்கும். அவை வெளியேற 12 நிமிடம் ஆகும்.

1. அவரே 8.45க்கு வந்திருந்தால் முன்னால் 450 வாகனங்கள். காத்திருப்பு 9 நிமிடம். வேகத்தைச் சிறிதும் கூட்டாமல் 3 நிமிடம் மிச்சம்.
2. 8.15க்கு வந்திருந்தால் 150 வாகனங்கள். காத்திருப்பு 3 நிமிடம் மட்டுமே.
3. அவர் வழக்கமான நேரத்திலேயே வருகிறார், ஆனால் அன்று அந்த ஒரு மணி நேரத்தில் வரும் வாகனங்கள் பத்தில் ஒரு பங்கு குறைவு என்று வைத்துக்கொள்வோம். 3,600க்குப் பதில் 3,240. தேக்கம் 240 வாகனங்கள். காத்திருப்பு 5 நிமிடத்துக்கும் குறைவு.

மூன்றாவது கணக்கு வியப்பூட்டுவது. வாகனங்கள் குறைந்தது பத்து விழுக்காடு; காத்திருப்பு குறைந்தது அறுபது விழுக்காடு. பள்ளிகளின் கோடை விடுமுறையில், சாலையில் வண்டிகள் அப்படியொன்றும் குறைந்துவிடாதபோதும், பயணம் திடீரென்று இலகுவாகிவிடுவதன் காரணம் இதுவே. இடுக்கின் கொள்ளளவைத் தாண்டும் கடைசிச் சில நூறு வாகனங்கள்தான் தேக்கம் முழுவதையும் உண்டாக்குகின்றன.

சாலையை அகலப்படுத்தி எல்லோரும் வேகமாகப் போக வழிசெய்தால் இந்தத் தேக்கம் நிரந்தரமாகத் தீருமா என்ற கேள்வி இயல்பாக எழும். பல நாடுகளின் பயணத் தரவுகளை ஆராய்ந்த யாக்கோவ் சஹாவி, மனிதர்கள் அன்றாடப் பயணத்துக்குச் செலவிடும் மொத்த நேரம் பெரிதாக மாறுவதில்லை என்ற கருத்தை 1970களில் முன்வைத்தார். சாலை விரைவானால், மிஞ்சிய நேரத்தை மக்கள் தூரமாக மாற்றிக்கொள்கிறார்கள். வாடகையும் மனை விலையும் குறைந்த, இன்னும் தொலைவான இடத்தில் வீடு பார்க்கிறார்கள். தாம்பரத்தில் குடியேறியவர்களுக்கு அடுத்த தலைமுறை கூடுவாஞ்சேரியிலும் மறைமலை நகரிலும் வீடு தேடும்போது, ஜி.எஸ்.டி. சாலையில் சேர்த்த ஒவ்வொரு தடமும் அதற்குத் துணைநின்றிருக்கிறது. சாலையின் வேகம் கூடியது. அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் பின்னுக்குப் போகவில்லை.

அந்த 360 வாகனங்களைக் குறைப்பது எப்படி என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். வாகனத்துக்குச் சராசரியாக ஒருவருக்குச் சற்று மேல் என்று கொண்டால், அவற்றில் இருப்பவர்கள் 450 பேர் வரை. ஒரு மாநகரப் பேருந்தில் 60 பேர் என்றால், அவர்களுக்குத் தேவை எட்டுப் பேருந்துகள். ஒரு பேருந்து மூன்று கார்களின் இடத்தைப் பிடிக்கும் என்று கணக்கில் சேர்த்தாலும், 9 மணிக்கு இடுக்கை அடைபவரின் காத்திருப்பு 12 நிமிடத்திலிருந்து ஐந்தரை நிமிடத்துக்குள் வந்துவிடும். வேகமானி 50ஐத் தாண்டாமலேயே அவருக்குக் கிடைக்கும் அந்த ஆறரை நிமிடம், பத்துக் கிலோமீட்டர் முழுவதும் 70இல் விரட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 2 நிமிடம் 25 விநாடியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.